உடம்புக்குள் இரும்பு: எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகுமுன்

என் மனைவியின் உம்மாவுக்கு எட்டு வருடங்களுக்கு முன்னர் கிணற்றடியில் சறுக்கி விழுந்து தொடையெலும்பின் மேல்முனை முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து பிளேட் வைத்து ஸ்க்ரூ பூட்டினார்கள். மாமி எழும்பி நடந்தார். உம்றாவும் போய் வந்தார். போன வருடம் முதுகில் பிடித்த நோவு இடது காலில் இறங்கி, பெருவிரல் மரத்துப்போகத் தொடங்கியதும் விசேட வைத்திய நிபுணரைச் செனல் பண்ணிக் காட்டினோம். அவர் முதுகெலும்புக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார்.

அன்றிரவு எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சபை கூடியது. சாச்சி சொன்னார், "உள்ளுக்க இரும்பிருக்கு மகன், அந்த மிசின் இழுத்துப் பிச்சிப்போடுமாம்." கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாமி கடந்தபோது வாசல் 'பீப்' என்று அடித்ததை ஒருவர் சாட்சியாகக் கொண்டு வந்தார். யாரோ வட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு கதிரை பறந்து போய் மிஷினில் ஒட்டிக்கொள்கிறது. மாமி முடிவெடுத்துவிட்டார். "மவுத்தானாலும் எனக்கு அதுக்குள்ள போகேலா."

ஐந்து மாதம் அப்படியே போனது. எண்ணெய் பூசினார், நோவுக் குளிசை போட்டார், ஓதிப் பார்த்தார்கள். அதற்குள் செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழும் நிலைக்கு வந்துவிட்டார்.

இதே காலத்தில் எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் ஒருவருக்கு விடாத தலையிடி. அவருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்திருந்தார்கள். சிறுவயதில், 1990ஆம் ஆண்டுக் கலவர நாட்களில், செல் விழுந்து தெறித்த துண்டொன்று அவர் புருவத்துக்கு மேலே இப்போதும் கிடக்கிறது. விரலால் தடவினால் பயறு மாதிரித் தட்டுப்படும். ஸ்கேன் நிலையத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது, தமிழ் இல்லை. மனிதர் வாசிக்காமலேயே கையொப்பம் வைத்துவிட்டார். உள்ளே கூட்டிப்போகும் கடைசி நேரத்தில் அங்கிருந்த தம்பி அரைகுறைத் தமிழில் "கண்ணு, தலை, இரும்பு ஏதாவது?" என்று கேட்ட பிறகுதான் இவருக்கு அந்த நினைவே வந்தது. நிறுத்திவிட்டார்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். "முப்பது வருசத்துக்கு மேல சும்மா கிடந்த சாமான்தானே" என்று பிறகு என்னிடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயப்படத் தேவையில்லாத மாமி பயந்தார். பயப்பட வேண்டிய நண்பர் பயப்படவில்லை. இந்த இரண்டும்தான் என்னை இதைப்பற்றி வாசிக்க வைத்தன. நான் தமிழ் படிப்பிக்கிறவன், வைத்தியன் அல்ல. என்னிடம் ஓ.எல். வரை தமிழ் படித்து இப்போது கதிர்ப்பட வல்லுநராக இருக்கும் ஒரு மாணவனிடம் கேட்டும், நூல்களில் தேடியும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒருவருக்கு ஸ்கேன் செய்யலாமா கூடாதா என்ற தீர்ப்பை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அந்த வைத்தியரிடம் நாம் எதைச் சொல்ல வேண்டும் என்பதே என் பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் எல்லாமே 'ஸ்கேன்'. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் பூசித் தடவுவதும் ஸ்கேன், வட்டமான மிஷினுக்குள் ஒரு நிமிடத்தில் எடுத்து முடிப்பதும் ஸ்கேன், அரை மணித்தியாலம் குழாய்க்குள் படுக்க வைப்பதும் ஸ்கேன். மூன்றும் மூன்று வேறு சாமான்கள். முதலாவது ஒலியால் பார்ப்பது. உள்ளே எந்த உலோகம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டாவது சி.ரி.; அது எக்ஸ்ரேயின் பிள்ளை.

எக்ஸ்ரேயும் உலோகமும் முதல் நாளிலிருந்தே பழக்கம். 1895 டிசம்பரில் ஜெர்மனியில் ரொன்ஜன் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தபோது, விரலெலும்புகளோடு அவர் அணிந்திருந்த மோதிரமும் கறுப்பு வளையமாக விழுந்தது. கதிர் உலோகத்தைத் தாண்டாது, நிழல் விழும், அவ்வளவுதான். மோதிரத்தை அது இழுக்கவுமில்லை, சுடவுமில்லை. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் மிஷினில் முதல் நோயாளியின் மூளையை சி.ரி. முறையில் படமெடுத்தார்கள். (1979இல் அவருக்கும் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.) அதிலும் இதே கதைதான். உலோகத்தைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாக வெள்ளைக் கோடுகள் பாய்ந்து, பக்கத்திலிருப்பதைப் பார்க்கவிடாமல் மறைக்கும். படம் பழுதாகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. சி.ரி.யில் கவனிக்க வேண்டியது கதிர்வீச்சு. தேவையில்லாமல் அடிக்கடி எடுக்கக்கூடாது. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர் அறவே இல்லை. ஆனால் அங்கே காந்தம் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. என்பதை நம் நாட்டுப் பாடநூல் வழக்கில் சொன்னால் 'காந்தப் பரிவு விம்பமாக்கல்'. தமிழ்நாட்டில் 'ஒத்ததிர்வு' என்பதை நாம் 'பரிவு' என்கிறோம். தமிழ் ஆசிரியனுக்கு இந்தச் சொல்லில் ஒரு சந்தோஷம். ஒருவர் துயரில் மற்றவர் மனம் அசைவது பரிவு. ஒரு தந்தியின் அதிர்வுக்கு அதே சுருதியில் உள்ள மற்றத் தந்தி அசைவதும் பரிவு. பௌதிகத்துக்குச் சொல் தேடியவர் நல்ல தமிழறிந்தவராக இருந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்தப் பெயரின் முன்னால் 'கரு' என்ற சொல்லும் இருந்தது, அதாவது அணுக்கரு. நோயாளர்கள் அதைக் கேட்டு அணுகுண்டை நினைத்துக்கொள்வார்கள் என்று பிறகு வெட்டிவிட்டார்கள். பயம் மாமிக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிகிறது.

மிஷினுக்குள் நடப்பது இதுதான். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஐதரசன். ஒவ்வொரு ஐதரசன் அணுவின் நடுவிலும் ஒரு புரோத்தன். அது ஒரு நுண்ணிய காந்த ஊசி போல. சாதாரண வேளையில் இந்த ஊசிகள் சந்தைச் சனம் மாதிரி எல்லாத் திசையும் பார்த்து நிற்கும். பலமான காந்தத்துக்குள் கொண்டுபோனால் அவற்றில் ஒரு சிறுபகுதி கூடுதலாக ஒரே திசைக்குத் திரும்பும், சப்பு நேராக்கின மாதிரி. அந்த நேரம் அவற்றுக்கு ஒத்த சுருதியில் வானொலி அலையைச் செலுத்தினால் சரியும். அலையை நிறுத்தினால் பழைய நிலைக்கு எழும்பும். எழும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்றைத் திருப்பி அனுப்பும். கொழுப்பில் இருப்பது ஒரு வேகத்தில் எழும்பும், நீரில் இருப்பது வேறொரு வேகத்தில். கட்டி, வீக்கம், தேய்ந்த தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் உண்டு. அந்தச் சமிக்ஞை உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் சில காந்தச் சுருள்கள் அடிக்கடி மாறி மாறி இயங்கும். 'டக் டக் டக்' என்று காது கிழியும் சத்தம் அவற்றினுடையது. இந்த வழியைக் கண்டுபிடித்ததற்காக லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1977 ஜூலை 3ஆம் திகதி, டமேடியன் என்ற அமெரிக்க வைத்தியர் தம் குழுவோடு ஒரு மனிதனின் நெஞ்சைப் படமெடுத்திருந்தார். ஒரே ஒரு படத்துக்கு ஐந்து மணித்தியாலம் அளவில் பிடித்ததாம்.

இனி அந்தக் காந்தத்தின் பலம். நம் நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. வைத்தியசாலை மிஷின்கள் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. சின்னது கூடப் பூமியைவிட முப்பத்தேழாயிரம் மடங்கு. இந்தக் காந்தத்துக்கு சுவிட்ச் போட்டு நிறுத்தும் வேலை கிடையாது. மைனஸ் 269 பாகை செல்சியஸ் குளிரில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத நேரமும், இரவிலும், வெள்ளிக்கிழமையும் அது காந்தம்தான். 2022இல் நமக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களிலும் அந்தக் காந்தம் அணைந்துவிடுவதில்லை. 'மிஷின் ஓடேல்லதானே' என்று அறைக்குள் கால் வைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

அங்கே உலோகத்துக்கு மூன்று விதமான ஆபத்து உண்டு. ஒன்று, இழுப்பதும் திருகுவதும். இரும்பு, நிக்கல், கோபாற்று போன்ற காந்தத்துக்குக் கட்டுப்படும் உலோகங்களுக்கே இது. இழுவை கூடுதலாக இருப்பது குழாயின் வாயருகில். உள்ளே போய்ப் படுத்தபின் இழுவை குறைந்து திருகும் விசை கூடும். இரண்டு, சூடு. வானொலி அலை நீண்ட கம்பி போன்ற உலோகத்தில் பட்டால் அது அன்டெனா மாதிரி மின்னைப் பிடித்து நுனியில் சுடும். இதற்குக் காந்தத்துக்குக் கட்டுப்படும் உலோகமாக இருக்கத் தேவையில்லை. செம்பும் சுடும், வெள்ளியும் சுடும். 1.5 டெஸ்லாவில் அந்த அலை சுமார் 64 மெகாஹேர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 128. நம் எப்.எம். வானொலிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அலை மாறினால் எந்த நீளக் கம்பி கூடச் சூடாகும் என்பதும் மாறும். ஆகவே ஒரு மிஷினில் பிரச்சினையில்லாமல் எடுத்தவர் மற்ற மிஷினிலும் அப்படியே எடுக்கலாம் என்று நினைக்கக்கூடாது. மூன்றாவது, உள்ளே ஓடும் மின்கருவியைக் குழப்பிவிடுவது. இதற்கு உதாரணம் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர்.

இப்போது மாமியின் பிளேட்டுக்கு வருவோம். எலும்புக்குப் பூட்டும் பிளேட், ஸ்க்ரூ, நெய்ல், செயற்கை முழங்கால், செயற்கை இடுப்பு ஆகியவற்றை இன்று டைட்டானியத்தால், கோபாற்று–குரோமியக் கலப்பால், அல்லது வைத்தியத்துக்கென்றே ஆன துருப்பிடிக்காத உருக்கால் செய்கிறார்கள். டைட்டானியத்தைக் காந்தம் பிடிப்பதில்லை. மற்ற இரண்டிலும் இரும்போ கோபாற்றோ இருந்தாலும், கலக்கும் விகிதத்தாலும் உள்ளமைப்பாலும் காந்தத்துக்கு ஏறக்குறைய அசைவதில்லை. போதாததற்கு அது எலும்போடு இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. எனவே இப்படியான சாமான் உள்ள மிகப் பெரும்பாலானோர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பிளேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் படம் கறுத்து நெளியும். மாமிக்குப் பார்க்க வேண்டியது முதுகு. பிளேட் கிடப்பது தொடையில். அந்த நெளிவு படத்தின் ஓரத்துக்குக்கூட எட்டாது.

விமான நிலைய வாசலின் 'பீப்' இதில் சாட்சியாகாது. அந்த வாசல் இரும்பைத் தேடுவதில்லை, மின்னைக் கடத்தும் எந்த உலோகத்தையும் தேடுகிறது. டைட்டானியத்துக்கும் அடிக்கும், தங்கக் காப்புக்கும் அடிக்கும். பிரிஜ்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைத் தோலின்மேல் வைத்துப் பார்த்து "ஒட்டேல்ல, பயமில்ல" என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அதுவும் வேலைக்காகாது.

இதயக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டும் இப்படித்தான். 'ஸ்டென்ட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கேலாது' என்ற பழைய சொல் இன்னும் நடமாடுகிறது. இன்று பாவிக்கும் இதய ஸ்டென்ட்டுகளுக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே வைத்திய உலகின் நிலைப்பாடு. செயற்கை இதய வால்வும் பெரும்பாலும் தடையல்ல; இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அந்த வால்வை அடிக்கும் விசை காந்தத்தின் இழுவையைவிடப் பெரிது. பல்லில் அடைத்த வெள்ளை, கறுப்பு அடைப்புகள், தொப்பி ஆகியவை ஆபத்தில்லை, முகத்தின் படத்தைக் கொஞ்சம் கெடுக்கலாம். கழற்றக்கூடிய பல்செட்டில் கம்பி இருந்தால் கழற்றிவிட வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வைக்கும் செம்பு லூப்போடும் ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் சொல்ல வேண்டும். மாமியாரும் மைத்துனியும் பக்கத்தில் நிற்கும்போது படிவத்தில் அதை எழுத வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள் என்று என் மாணவன் சொன்னான். கூடப் போகிறவர்கள் அந்த நேரம் கொஞ்சம் தள்ளி நிற்பது பெரிய உதவி.

கவனம் வேண்டியவை வேறு. பேஸ்மேக்கர் முதலாவது. பழைய வகைகளோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவது நீண்டகாலம் முழுத் தடையாக இருந்தது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதாகச் செய்த பேஸ்மேக்கர் ஒன்றுக்கு 2011இல்தான் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. இப்போது வைப்பவற்றில் பல அப்படியானவை. ஆனால் பெட்டி மட்டும் ஏற்றதாக இருந்தால் போதாது, இதயத்துக்குப் போகும் கம்பியும் ஏற்றதாக இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன்னர் அதை ஒரு விசேட நிலைக்கு மாற்றி, பின்னர் பழையபடி திருப்ப வேண்டும். இதய வைத்தியர் அறியாமல் இது நடக்கவே கூடாது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பொருத்தும் கொக்லியர் கருவியின் உட்பகுதியிலேயே ஒரு காந்தம் இருக்கிறது. சில மாதிரிகளுக்குத் தலையை இறுக்கிக் கட்டி எடுப்பார்கள், சிலவற்றுக்கு அந்தக் காந்தத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டி வரும். மூளை இரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட பழைய கிளிப் இன்னும் பயங்கரமானது. காந்தம் இழுக்கும் வகைக் கிளிப் உள்ளே திரும்பி, குழாய் கிழிந்து, நோயாளி உயிரிழந்த சம்பவம் 1990களின் தொடக்கத்தில் பதிவாகியிருக்கிறது. புதிய கிளிப்புகள் பெரும்பாலும் டைட்டானியம். ஆனால் உங்கள் தலையில் இருப்பது எது என்று கடதாசி இல்லாமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் சமூகத்தில், விசேடமாகக் கிழக்கிலும் வடக்கிலும், இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதை எந்த வைத்தியசாலையும் வைக்கவில்லை. செல் துண்டு, குண்டு, கண்ணிவெடிச் சிதறல். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் தப்பியவர்கள், அதன் முன்னும் பின்னும் ஊர்களில் செல்லடிபட்டவர்கள், தமிழ்ச் சகோதரர்களில் கணக்கற்றவர்கள் என்று எத்தனையோ பேர் உடம்பில் துண்டுகளோடு வாழ்கிறார்கள். அன்றிருந்த நிலையில் 'எடுத்தால் ஆபத்து, விட்டால் பாதகமில்லை' என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். அன்று அது சரியான முடிவுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. முதுகு நோவும் முழங்கால் நோவும் வரும் வயது. எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுக்கும் வயது.

செல் துண்டு பெரும்பாலும் இரும்பு உருக்கு. துப்பாக்கிச் சன்னத்தில் ஈயமும் செம்பு உறையும் காந்தத்துக்குக் கட்டுப்படாதவை. ஆனால் சிலவற்றின் நடுவில் உருக்குத் தண்டு இருக்கும், சிலவற்றின் உறையே உருக்காக இருக்கும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். என்ன உலோகம் என்று அது சொல்லாது. பல வருடம் கிடந்த துண்டைச் சுற்றித் தழும்புத் தசை வளர்ந்து பிடித்துக்கொள்வதால் தொடையிலோ தோளிலோ கிடப்பது அநேகமாக ஆபத்தாக மாறாது. பயப்பட வேண்டியது அது கிடக்கும் இடத்துக்காக. மூளை, முண்ணாண், பெரிய இரத்தக்குழாய், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண். கண்ணுக்குள் தழும்பு பிடித்து நிற்கத் தசை இல்லை. உலோக வேலை செய்த ஒருவரின் கண்ணுக்குள் கிடந்த சில மில்லிமீற்றர்த் துண்டு எம்.ஆர்.ஐ.யில் அசைந்து, அந்தக் கண்ணின் பார்வையே போன செய்தி 1986இல் வைத்திய சஞ்சிகையில் வந்தது. இந்த ஆபத்து செல்லடிபட்டவருக்கு மட்டுமல்ல. வெல்டிங், லேத், கிரைண்டர் வேலை செய்தவர்களும் "எப்பவாவது கண்ணுல இரும்புத் தூள் அடிச்சதா, டொக்டரிட்டக் காட்டி எடுத்ததா?" என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். சந்தேகமென்றால் முதலில் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்தால் போதும். என் நண்பருக்கு நடந்ததும் இதுதான்.

ஒவ்வொரு உட்பொருத்துச் சாமானையும் இன்று மூன்று வகையாகப் பிரித்து அடையாளம் போடுகிறார்கள். 2005இலிருந்து உள்ள முறை இது. பச்சைச் சதுரம் என்றால் எந்த மிஷினிலும் பயமில்லை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் அறைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. நடுவில் மஞ்சள் முக்கோணம்: நிபந்தனையோடு எடுக்கலாம். எத்தனை டெஸ்லா வரை, எவ்வளவு நேரம், என்ன நிலையில் என்று தயாரித்தவர்கள் எழுதியிருப்பார்கள். உடம்புக்குள் வைக்கும் உலோகச் சாமான்களில் பெரும்பங்கு இந்த மஞ்சளில்தான் வரும். நிபந்தனையை அறிய வேண்டுமென்றால் கம்பனியும் மாதிரி இலக்கமும் தெரிய வேண்டும். அது எழுதியிருப்பது சத்திரசிகிச்சை நாளில் தரும் கார்டில், அல்லது டயக்னோசிஸ் கார்டில். நாம் அதை என்ன செய்கிறோம்? மாமியின் டயக்னோசிஸ் கார்ட் வெள்ளத்தில் நனைந்து போயிருந்தது. ஸ்டிக்கரை எங்கே ஒட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பேஸ்மேக்கர் கார்டை அலுமாரிக்குள் பூட்டி, சாவியைப் பிள்ளை சவூதிக்குக் கொண்டுபோன கதையும் கேட்டிருக்கிறேன். இன்று சத்திரசிகிச்சை முடித்து வருகிறவர்கள் அந்தக் கார்டைப் போனில் படமெடுத்து வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிவைத்தால் பத்து வருடம் கழித்துக் கைகொடுக்கும்.

உடம்புக்கு வெளியே இருப்பதிலும் சொல்ல உண்டு. நம் பெண்களின் ஹிஜாபில் எத்தனை ஊசி இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. மேலே தெரியும் இரண்டைக் கழற்றுவார்கள், உள்ளே தொப்பியைப் பிடித்த மூன்றாவது நின்றுவிடும். கொண்டை ஊசியும் அப்படித்தான். அது அம்பு மாதிரிப் பறக்கும். ஜரிகை வேலை செய்த உடுப்பும், வெள்ளி நூல் கலந்ததென்று விற்கும் விளையாட்டு உடுப்பும் தோலைச் சுடலாம். அங்கே தரும் உடுப்பை மாற்றுவதே நல்லது. மறைப்பு வேண்டுமென்றால் கேளுங்கள். உலோகமில்லாத துணியால் தலையை மூட அநேகமாக யாரும் மறுப்பதில்லை. பெண் தொழில்நுட்பவியலாளர் வேண்டுமென்றால் திகதி போடும்போதே கேட்க வேண்டும், போய்ப் படுத்த பிறகல்ல. சுர்மாவும் கண்மையும் கழுவிப் போங்கள். சில கண்மைகளில் இரும்பு ஒட்சைட்டு இருக்கிறது. வெறும் மருதோன்றி இலையில் உலோகமில்லை. மருந்துப் பிளாஸ்டர்கள் சிலவற்றின் பின்புறத்தில் அலுமினியத் தகடு உண்டு, அதுவும் சுடும். கையில் ஒட்டும் சீனி அளக்கும் சென்சர், இன்சுலின் பம்ப், கேட்கும் கருவி, மணிக்கூடு, பேங்க் கார்ட் எல்லாம் வெளியே.

பிறகு இஸ்மு. செம்புக் குழலிலோ வெள்ளிக் கூட்டிலோ அடைத்து இடுப்பில் கட்டியிருப்பார்கள். மகன் கண்டால் சண்டை வரும் என்று ஒளித்தும் கட்டியிருப்பார்கள். அதன் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விடுகிறேன், எம்.ஆர்.ஐ. அறைக்குள் அது ஆகாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

படுத்தபின் கைகளைக் கோர்த்துக்கொள்ள வேண்டாம். பயத்தில் நம்மவர்கள் தக்பீர் கட்டினாற்போல நெஞ்சில் கையை வைத்து ஓதத் தொடங்கிவிடுவார்கள். கையோடு கை, தொடையோடு தொடை தோலில் தொட்டால் உடம்பே ஒரு வளையமாகி மின்னோடித் தொடுமிடம் சுடும். அதனால்தான் நடுவில் துணியோ பஞ்சோ வைக்கிறார்கள். ஓதுவது நாவாலும் மனதாலும் இருக்கட்டும்.

கூடப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். பதிவான பேர்போன மரணங்களில் உடம்புக்குள் இருந்த உலோகத்தால் அல்ல, வெளியிலிருந்து அறைக்குள் போன இரும்பால் நடந்தவையே அதிகம் பேசப்பட்டவை. 2001இல் நியூயோர்க் மாநிலத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஸ்கேனுக்குள் கிடக்கும்போது ஒட்சிசன் சிலிண்டர் பறந்து வந்து தலையில் அடித்தது. 2018 ஜனவரியில் மும்பையில் உறவினருக்காகச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன இளைஞர் அதோடு சேர்ந்து இழுபட்டு இறந்தார். 2025 ஜூலையில் மீண்டும் நியூயோர்க் மாநிலத்தில், ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போனவர் கழுத்தில் உடற்பயிற்சிக்காகப் போட்டிருந்த சுமார் ஒன்பது கிலோச் சங்கிலி அவரை இழுத்தது. அவரும் மறுநாள் மவுத்தானார். சக்கர நாற்காலி, ட்ரொலி, ஊன்றுகோல், சட்டைப்பையிலிருக்கும் சாவிக்கொத்து என்று எதைக் கொண்டுபோகுமுன்னும் கேட்க வேண்டும்.

மாமியை ஒருவாறு சம்மதிக்க வைத்தோம். சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் பதிவறையில் மூன்று நாள் அலைந்து பழைய குறிப்பை எடுத்தேன். பிளேட்டின் வகை அதில் இருந்தது. கதிரியக்க வைத்தியர் பார்த்துவிட்டுத் திகதி தந்தார். மாமிக்கு இப்போது இரும்புப் பயம் போய் வேறு பயம். அறுபது எழுபது சென்ரிமீற்றர் அகலக் குழாய்தானே, "கபுறு மாதிரி இருக்கும்" என்றார். கையில் ஒரு ரப்பர்ப் பந்து தருவார்கள், அதை அமுக்கினால் உடனே வெளியே எடுப்பார்கள், இரு பக்கமும் திறந்திருக்கும், காதுக்குப் பஞ்சு வைப்பார்கள் என்று சொன்னேன். அரை மணித்தியாலம். மூன்றாவது ஹிஜாப் ஊசியை மிஸி கண்டுபிடித்துக் கழற்றினார். வெளியே வந்த மாமி, "இவ்வளவுதானா மகன்? இதுக்கா அஞ்சு மாசம்?" என்றார்.

படத்தில் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவு இறங்கிவிட்டது. பெருவிரல் இன்னும் முழுதாக மேலே எழும்பவில்லை. முன்னமே வந்திருந்தால் கூடுதலாகத் திரும்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னதை மாமிக்கு நாங்கள் சொல்லவில்லை.

நண்பர் கையொப்பமிட்ட அந்தப் படிவத்தின் கேள்விகளை, என் மாணவனின் உதவியோடு, ஊர்த் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். 'உடம்பில் எங்காவது செல் துண்டு, சன்னம் உண்டா?' என்பதை முதலாவதாகப் போட்டேன். ஆங்கிலப் படிவத்தில் அது பதினான்காவது. அந்த நிலையத்துக்கு இரண்டு பிரதி கொடுத்தேன். மேசையிலிருந்தவர் வாங்கி, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது பிரதியை எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய அன்றே, கண்ணில் கிரைண்டர்த் தூள் பட்ட தம்பியுள்ள ஒரு டீச்சர் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனார்.